விற்கும்போது என்ன விலை போகும்?

இன்று காலை சிஞ்ஞோரா தன் பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விடச் சொன்னாள். லிபெர்த்தாத் தெருவில் இந்த இத்தாலியக் கிழவியின் வீட்டுக்கு, அவளைப் பார்த்துக்கொள்ள நான் வந்து ஒன்பது வருடமாகிறது. ஒரு முழத் துணிகூட அவள் அதில் தைத்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டே ஆக வேண்டும். குப்பியின் மூடியைத் திறந்ததும் உன் கையின் மணம் வந்தது. வேட்டைத் துவக்குக்கு எண்ணெய் போட்ட கையைக் கழுவாமல் அப்படியே தேத்தண்ணி ஊற்றி நீட்டுவாயே, அந்த மணம். கதிரையில் இருந்துவிட்டேன். என்ன என்று கேட்டவளுக்கு முழங்கால் வலி என்றேன். அது முழுப் பொய்யுமில்லை. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே வலிக்கிறது.

நீ போய் ஏழு மாதம், மச்சான். உனக்கு ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. நேரே சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன்.

எங்களை உனக்குத் தெரியும். வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரே அறையில் ஆறு பேர் படுத்த காலத்திலிருந்தே எதை வாங்கினாலும் அதை விற்கும் நாளை நினைத்துத்தான் வாங்கினோம். எப்படியும் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பப் போகிறோம் என்ற எண்ணம். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றியவர் யார்? டிவி வந்த பெட்டியை எறிந்தவர் யார்? இதில் நான்தான் பெரிய விண்ணன். ஃப்ரிட்ஜ் வாங்குகிறவன்கூட முதலில் என்னிடம் வருவான். எந்த நிறம் எடுத்தால் நாளைக்குக் கைமாற்ற லேசு என்று சொல்லுவேன். அப்படிச் சொல்லுவதில் எனக்கொரு பெருமை இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பகேரியாவில் உன் முதலாளி தொத்தோரேயின் வில்லாவை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். தோட்டமும் காரும் ஒழுகுகிற கூரையும் உன் பொறுப்பு. குளிர்காலம் வந்தால் தொத்தோரேயும் கூட்டாளிகளும் மலைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். நீ கார் ஓட்டுவாய், பை சுமப்பாய், பாஸ்தா அவிப்பாய். வேட்டையில் ஆளுக்கொரு நிற்கும் இடம் உண்டாம். நாய்கள் பன்றியைக் கலைத்துக்கொண்டு வர, அவரவர் தன் இடத்தில் அசையாமல் நின்று சுட வேண்டுமாம். நீ ஆறு வருடம் அந்த இடங்களுக்குப் பின்னால் பையோடு நின்றாய்.

உனக்கு இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்த வருடம் தொத்தோரே உன்னிடம், லைசென்ஸ் எடு, ஒரு துவக்கு வாங்கு, உனக்கும் ஒரு இடம் தருகிறோம் என்று சொன்னார். அன்றைக்கே பஸ் பிடித்து என்னிடம் வந்தாய்.

"மச்சான், எனக்கும் ஒரு இடம் தாறாங்களாம்."

"இடமோ? காணி எழுதித் தாறாங்களோ?"

"பகிடி விடாதை. வரிசையில நிக்கிறதுக்கு."

"துவக்குக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை காசு குடுத்து வாங்கப் போறியோ?"

"அது மனிசரைச் சுட்ட துவக்கு. இது பண்டிக்கு" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "பை தூக்கித் தூக்கி அலுத்துப்போச்சடா" என்றாய். அந்த இரண்டாவது சொல்லை நான் அன்று சரியாகக் கேட்கவில்லை.

டாக்டரின் சான்றிதழ், சுடும் பயிற்சிக் கழகத்தின் சான்றிதழ், குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தின் வரிசை என்று உனக்கு ஒரு வருடம் போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை துவக்குக் கடைக்கு என்னையும் இழுத்துப் போனாய். உன் கையில் இருந்த காசுக்கு இரண்டுதான் தேறின. இரண்டும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. ஒன்று புதிது, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, யாரும் கேள்விப்படாத பெயர். மற்றது ஒருவர் பாவித்தது, வால்நட் மரப் பிடி, நாலு கீறல், ஊரறிந்த பெயர். நீ புதியதைத் தூக்கிப் பார்த்தாய். லேசாக இருக்கிறது, தோளுக்கும் வசதி என்றாய். நான் கடைக்காரரிடம், இதை நாளைக்கு விற்றால் என்ன விலை போகும் என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் விற்கிறாயா என்று சிரித்தார். ஆனாலும் பதில் சொன்னார். புதியது கடை வாசலைத் தாண்டினால் பாதி விலை, பழையது விழ வேண்டியதெல்லாம் விழுந்துவிட்டது, இனி விழாது. அதோடு முடிவாயிற்று. முடிவெடுத்தது நான்தான்.

பிறகு என்னென்ன மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. தொலைநோக்கி பூட்டலாம் என்றார். துளை போடாமல் கவ்விப் பிடிக்கிற மாதிரி பூட்டச் சொன்னேன், விற்கும்போது தனியாகக் கழற்றி விற்கலாம் என்று. விசையை இலகுவாக்கலாம் என்றார். வேண்டாம், கம்பனியில் வந்தபடியே இருக்கட்டும் என்றேன். கடைசியாக அவர் உன்னைத் துவக்கைத் தோளில் வைக்கச் சொல்லி, சுற்றி வந்து பார்த்தார். இது நெட்டையான ஆளுக்குச் செய்தது, உன் கை கட்டை, தோளில் முட்டுகிற பிடியின் பின்பக்கத்தில் இரண்டு விரல் அளவு வெட்டினால் உனக்கென்றே செய்த மாதிரி இருக்கும், மற்றதெல்லாம் அலங்காரம், இது ஒன்றுதான் தேவை என்றார்.

நீ என்னைப் பார்த்தாய்.

"வெட்டாதை," என்றேன். "வெட்டினா உன்னை மாதிரிக் கட்டையன்தான் வாங்குவான். ஊருக்குப் போகேக்கை ஆரிட்டைக் குடுப்பாய்?"

"அதுவும் சரிதான்" என்றாய். கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ரசீது எழுதப் போனார்.

அந்தக் குளிர்காலம் நடந்ததை நீ சொன்ன விதம் நினைவிருக்கிறது. நாய்கள் குரைத்துக்கொண்டு வருகின்றன, பன்றி நேரே உன் இடத்துக்கு வருகிறது, நீ துவக்கைத் தூக்குகிறாய், நீண்ட பிடி குளிர்ச்சட்டையின் கமக்கட்டில் கொழுவிக்கொள்கிறது. இழுத்து எடுப்பதற்குள் பன்றி போய்விட்டது. அடுத்த கிழமை அவசரத்தில் தோளுக்கு வெளியே வைத்துச் சுட்டு, கை மேலெல்லாம் நீலமாகக் கன்றிப் போயிருந்தது. அதைக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அடுத்த வருடமும் அப்படியே. மூன்றாம் வருடம் தொத்தோரேயின் கூட்டாளி ஒருவர், இவனுடைய இடத்தால் எல்லாப் பன்றியும் தப்புகிறது என்றாராம். நீ மறுபடி பை தூக்கினாய். துவக்கு இரும்பு அலமாரிக்குள் போனது. கீறல் ஒன்றும் கூடவில்லை, விலை அப்படியே இருக்கிறது என்று நான் ஆறுதல் சொன்னேன். எவ்வளவு மடையன் பார் நான். அதன் பிறகு நீ அந்தக் கதையை என்னிடம் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் வேலை, அலுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் உன் வீட்டுக்கு வருவதே ஒரு பாடாக இருந்தது.

பங்குனியில் ஒரு காலை நீ எலுமிச்சை மரத்தடியில் விழுந்து கிடந்தாய். மாரடைப்பு என்றார்கள்.

லைசென்ஸ் இல்லாத உன் மனைவி மலர் துவக்கை வீட்டில் வைத்திருக்க ஏலாது. கரபினியேரிப் பொலிஸிடம் அறிவித்து, துவக்குக் கடைக்காரரே அனுமதிக் கடிதத்தோடு பகேரியாவுக்கு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. "அண்ணை, நீங்களும் பக்கத்தில நில்லுங்கோ. எனக்கு இந்த விலை விசயம் ஒண்டும் விளங்காது" என்று அவள் கூப்பிட்டாள். விலை என்றால் நான்தானே. பேரம் பேசத் தயாராகத்தான் வந்தேன்.

கடைக்காரர் அலமாரியைத் திறந்து துவக்கை எடுத்தார். பிடி கட்டையாக இருந்தது. பின்பக்கம் வெட்டி, கறுப்பு ரப்பர் பூட்டியிருந்தது. தொலைநோக்கியும் துளை போட்டு இறுக்கப்பட்டிருந்தது.

"இதை ஆர் வெட்டினது?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். கோபம்தான் முதலில் வந்தது, ஒளிக்கவில்லை.

அவருக்குக் கேள்வி விளங்கியிருக்க வேண்டும். நான்தான் வெட்டினேன் என்றார். போன ஐப்பசியில் நீ கடைக்குக் கொண்டுபோனாயாம். விலை விழுந்துவிடுமே, உன் சிநேகிதன் சொன்னானே என்று அவரே நினைவூட்டினாராம். விற்கப்போவதில்லை, நான் இங்கேதான் இருக்கப் போகிறேன் என்றாயாம். அவனிடம் மட்டும் சொல்லாதே, மனம் நோவான் என்றும் சொன்னாயாம். பிறகு அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தை மாதம் அது நல்ல பன்றி, ஓட ஓட ஒரே வெடியில் விழுத்தினான், தொத்தோரே கடைக்கு வந்து எல்லோருக்கும் சொன்னார், உனக்குத் தெரியாதா என்றார்.

எனக்குத் தெரியாது. உனக்கு இடம் திரும்பக் கிடைத்தது தெரியாது, நீ பையைக் கீழே வைத்தது தெரியாது. உன் மிக நல்ல நாளை என்னிடம் ஒளிக்க வேண்டி வந்ததே, அதற்குத்தான் மன்னிப்பு. விலை பேசவில்லை. கடைக்காரர் சொன்ன தொகைக்கு மலர் தலையாட்டினாள். இங்கே இப்போது ஊருக்குத் திரும்பும் கதையை ஒருவரும் கதைப்பதில்லை, அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ எங்கள் எல்லோருக்கும் முன்னாலேயே அந்த முடிவுக்கு வந்துவிட்டாய்.

ரயிலில் திரும்பி வரும்போதுதான் தை மாதத்து ஞாயிறு ஒன்று நினைவில் தட்டியது. நீ சட்டியோடு என் வீட்டுக்கு வந்தாய். யாழ்ப்பாணத் தூள் போட்ட பன்றிக் கறி, தொத்தோரே தந்த இறைச்சி என்றாய். நான் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். நீ சாப்பிடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆர் சுட்டது?" என்று கேட்டேன்.

"ஆரோ ஒருத்தன். ஓட ஓட ஒரே வெடியாம்."

"ஆரெண்டாலும் விண்ணன்தான். ஓடுறதை ஒரே வெடியில விழுத்தியிருக்கிறான், இறைச்சி கொஞ்சமும் பழுதாகேல்லை. அவனிட்டைப் போய்ப் பழகு."

"ஓம், பழகிறன்" என்று சொல்லி முகம் முழுக்கச் சிரித்தாய்.

உன்னை நான் வாயாரப் புகழ்ந்தது அந்த ஒரு தடவைதான், அது நீ என்று தெரியாமல். ஆனாலும் உன் காதில் விழுந்ததே. அதை நினைத்துக்கொண்டுதான் இந்த வீட்டுப் படிகளை ஏறி இறங்குகிறேன்.