அம்மா மேகத்துக்குள் போகிறாள்

அக்டோபர் 2
போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் அம்மா பாடிக்கொண்டே பெட்டிகளைக் கிளறுகிறாள். அவள் தேடுவது நான் வாசிக்கும் கிளாரினெட் குழலின் பெட்டியில், துடைக்கும் துணிக்கு அடியில் இருக்கிறது. வைத்தது நான்.

மருத்துவர் கொடுத்த தகுதிச் சான்றிதழ். பன்னிரண்டு வருடம் ராணுவத்தில் ஹெலிகாப்டர் பழுது பார்த்தவள் என்பதால், அம்மாவின் மேல்நிலை விமானப் பயிற்சிக்கு அரசு பணம் கட்டுகிறது. விமானம் ஓட்டும் முதல் உரிமத்தை அவளே செலவு செய்து வாங்கிவிட்டாள். ஆனால் பயிற்சி தொடங்கும் நாளில் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் அரசுப் பணம் இல்லை. தொடங்குவது திங்கட்கிழமை.

இதுவரை வெயிலில்தான் பறந்தாள். இனி மேகத்துக்குள். வெளியே ஒன்றும் தெரியாதாம். கருவிகளின் முள்ளைப் பார்த்தே ஓட்ட வேண்டுமாம். விழுந்துவிட்டால்? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அக்டோபர் 3
அம்மாவின் பயிற்சியாளர் வெர்ன் சாப்பிட வந்தார். சில்லி என்கிற காரமான இறைச்சிக் குழம்பும், இனிப்பான இலவங்கப்பட்டை ரோலும்.

"என்ன சார்ஜென்ட், ஒரு காகிதத்தப் பத்திரமா வைக்கத் தெரியல! திங்கக்கிழம வரலன்னா உன் இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

"ரோலத் தின்னுட்டு வாய மூடு, வெர்ன்."

சிரித்தாள். ஆனால் சாப்பிடவில்லை.

அக்டோபர் 4
காலையில் அம்மா விசில் ஊதினாள். "சோதனை! கிடைக்கிற வரைக்கும் யாரும் வாசலத் தாண்டக் கூடாது. பூனையும்தான்!" ராணுவத்தில் ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் அப்படித்தானாம். ஒரு ஹெலிகாப்டரும் கிளம்பாது.

ஒவ்வொரு இழுப்பறையாகத் தரையில் கொட்டினாள். நானும் தேடுவதுபோல் நடித்தேன். சீ!

அம்மா என் பக்கம் திரும்பினாள். "பட்டாளத்துல ஒருத்தன் ஸ்பேனர இஞ்சினுக்குள்ளயே விட்டுட்டான், ஹாட்டி. பயந்து நடுங்கிட்டே வந்து சொன்னான். யாரும் திட்டல. தானா சொன்னவன திட்டக் கூடாது. அதான் எங்க வழக்கம்."

கையிலிருந்த இழுப்பறையைக் கீழே வைத்தேன். "அம்மா... நான்தான்."

கிளாரினெட் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"வழக்கம்னு சொல்லித் தொலச்சிட்டேன். திட்ட முடியாது. ஏண்டி செஞ்ச?"

எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்னென்ன ஆகும்னு பயப்படறியோ எழுதிக் குடு. ஒண்ணு விடாம."

அக்டோபர் 5
முப்பத்தொன்று எழுதினேன். மேகத்துக்குள் போல வெளியே ஒன்றும் தெரியாமலிருக்க, அம்மா தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் வாணலி மூடி, அதுதான் ஸ்டியரிங். நான் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்துவேன், அவள் சமாளிப்பாள்.

"இறக்கையில பனிக்கட்டி!"
"கீழ இறங்குறேன், சூடான காத்துக்கு!"
"ரேடியோ செத்துப்போச்சு!"
"இன்னொண்ணு இருக்கு!"
"அவசரமா பாத்ரூம் வருது!"
"ஐயோ, அதுக்கு மட்டும் பதில் இல்லடி!"

அக்டோபர் 6
போனாள். வந்தாள்.

நவம்பர் 19
பட்டியல் ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. மற்ற மாணவர்களையும் சோதிக்க வெர்ன் ஒரு நகல் கேட்டார். "உன் பொண்ணு என்னவிட ராட்சசி" என்றாராம்.

பிப்ரவரி 7
அம்மா தேர்வில் பாஸ்! தேர்வாளர் நடுவானில் திசைகாட்டும் கருவியை மூடிவிட்டாராம். அது என் பட்டியலில் ஒன்பதாம் எண்.

மார்ச் 14
அல்ஜீப்ராவில் மூன்றாவது கணக்கு வரவே மாட்டேன் என்றது. கதவு திறந்தது. அம்மா ஜாக்கெட்டை உதறினாள். "நெப்ராஸ்கா மாநிலம் வரைக்கும் மேகம்தான். தனியா போயிட்டு வந்துட்டேன்!"

அவள் பறக்கப் போயிருந்ததே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அதுக்குள்ளயா?" என்றேன்.