கிஷன் வண்டியின் டேங்க்

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

பசாரிலிருந்து திரும்பும்போது வீட்டுக்காரர் கிஷன் பிளாட்டுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், மறுகையில் ஸ்பேனர். இரண்டு வருடத்துக்கு முந்தைய விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவர் கீழே இறங்கியதே இல்லை. தூணோரம் துணி போர்த்திக் கிடந்த ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிளின் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வைத்திருந்தார்.

"தூக்கிட்டு வா குமுதா. எனக்கு வெயிட் தூக்க முடியல."

தூக்கினேன். உள்ளே என்னவோ சரசரவென்று உருண்டது. வீட்டில் மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் உள்சுவர் முழுக்கத் துரு, பொருக்குப் பொருக்காக.

இது தேறாது என்று நினைத்தேன். நினைத்ததும் மனம் லேசானது.

9 செப்டம்பர், திங்கள்

ஏன் லேசானது? தெரியாதா எனக்கு? ஜெலுத்தோங் ஹைவேயில் மழையில் சறுக்கி அவருடைய இடது கால் நொறுங்கியது இந்த வண்டியில்தான். இது ஓடினால் மறுபடி ஏறுவார்.

ஆனால் நேற்று மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எத்தனை காலமாயிற்று!

14 செப்டம்பர், சனி

கடையிலிருந்த வினிகர் பாட்டில்களையெல்லாம் வாங்கிவிட்டேன். கல்லாவில் இருந்த ரொஸ்னா, "அச்சார் போட்டு விக்கப் போறீங்களா அக்கா?" என்றாள்.

டேங்குக்குள் ஒரு பிடி நட்டுகளைப் போட்டு, பெட்ரோல் குழாய் மாட்டும் அடி ஓட்டையை அடைத்து, துருவைக் கரைக்க வினிகரை ஊற்றினோம். குலுக்குவது என் வேலை. துண்டில் சுற்றி மடியில் வைத்துக் குலுக்கினேன்.

"தாலாட்டாத லா, பலமா ஆட்டு!"

தோள் வலிக்கிறது.

18 செப்டம்பர், புதன்

வீடு முழுக்கப் புளித்த வாடை. வினிகர் கோப்பி நிறமாகிவிட்டது.

22 செப்டம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் கொட்டி, சோடா மாவு கரைத்த தண்ணீரில் கழுவினோம். உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு டேங்கைச் சன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அடிப்பக்கம் ஊசிமுனையளவு வெளிச்சம். துரு தின்று ஓட்டை போட்டிருக்கிறது.

வெல்டிங் பட்டறைச் சின்னையா அண்ணனிடம் கொண்டுபோனோம். தட்டிப் பார்த்துவிட்டு, "வேற டேங்கு தேடிக்க லா தம்பி. இது பேப்பர் மாதிரி ஆயிருச்சு" என்றார்.

கிஷன் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தோடு விட்டிருக்கலாம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

"ஒட்டிக் குடுங்க அண்ணே. உள்ள நாங்க கோட்டிங் போட்டுக்கறோம்" என்றேன்.

நானா சொன்னேன்?

28 செப்டம்பர், சனி

ஒட்டின டேங்கு ஒழுகாமலிருக்க உள்ளே ஊற்றும் கோட்டிங் மருந்து வந்துவிட்டது. இரண்டு டின், கலந்து ஊற்ற வேண்டும். இரண்டு நாளாக மழை. உள்ளே ஈரம் இருக்கிற மாதிரி பட்டது, சொன்னேன். "காஞ்சிருச்சு லா" என்று ஊற்றிவிட்டார். எல்லாப் பக்கமும் படும்படி இருவருமாகத் திருப்பித் திருப்பிப் பிடித்தோம். மீதியை வடித்தோம்.

6 அக்டோபர், ஞாயிறு

கோட்டிங் உரிந்துவிட்டது. விரலை விட்டால் பால் ஏடு மாதிரி கையோடு வருகிறது.

கத்தினார். "நீ வேணும்னே ஒழுங்கா காய வைக்கல! இது ஓடக் கூடாது, அதானே உனக்கு?"

ஈரம் இருக்குன்னு சொன்னது யாரு? நான்தானே? ஒரு நாளாச்சும் என் பேச்சைக் கேட்டிருக்காரா? – ஆனா ஓடக் கூடாதுன்னு நெனச்சது பொய்யா? அதுவும் நெசம்தானே.

சொல்லிவிட்டேன். "ஆமா. பயமா இருக்கு. மறுபடி அந்த மாதிரி ஒரு போன் வந்தா நான் தாங்க மாட்டேன்."

விரலில் ஒட்டியிருந்த ஏட்டைத் துணியில் துடைத்தார். பிறகு, "எனக்கு மட்டும் பயம் இல்லியா?" என்றார்.

இரண்டு வருடத்தில் இதை அவர் வாயால் கேட்பது இதுதான் முதல் தடவை.

8 அக்டோபர், செவ்வாய்

தின்னர் ஊற்றி ஊறவைத்து, வளைத்த கம்பியால் தோலைப் பிடுங்கி எடுக்கிறோம். அவர் டேங்கைப் பிடிக்கிறார், நான் இழுக்கிறேன். கோபம் இல்லை.

13 அக்டோபர், ஞாயிறு

மறுபடி கோட்டிங். இந்த முறை வெயிலில் வைத்து, பிறகு என் ஹேர் டிரையர் காற்றைக் குழாய் வழியாக உள்ளே விட்டுக் காயவைத்தோம். நான் "சரி" என்று சொன்ன பிறகுதான் ஊற்றினார்.

20 அக்டோபர், ஞாயிறு

நன்றாக இறுகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் புதுப்பித்தாயிற்று. டேங்கை மாட்டிப் பெட்ரோல் ஊற்றினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

உதைத்ததும் கிளம்பியது. ஏறினார். முதல் கியரில் கார் பார்க்கை ஒரு சுற்று வந்தார். இஞ்சின் அலறியது. இடது காலால்தான் கியரை மேலே தள்ள வேண்டும். தள்ளப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். என் முன்னால் வந்து நிறுத்தினார்.

"பாதம் எழும்ப மாட்டேங்குது குமுதா."

அவர் ஓட்டக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள்தான் நான். அப்படியே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

21 அக்டோபர், திங்கள்

வண்டிமேல் துணியைப் போர்த்தச் சொன்னார். போர்த்தினேன்.

23 அக்டோபர், புதன்

பேக்டரி பஸ்ஸைவிட்டு இறங்கினால், வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"ஏறு."

"நானா?"

"லைசென்ஸ் இருக்கில்ல? கிளட்ச் இல்லாத கெப்சாய் மோட்டார் ஓட்டினவதானே. கிளட்ச் மட்டும் பழகிக்க."

எத்தனை தடவை இஞ்சினை அணைத்தேனோ! ஊன்றுகோலோடு பக்கத்திலேயே நடந்து வந்தார். "விடாத விடாத, மெதுவா விடு!" மேல்மாடிகளிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. நிறுத்தத்தான் மனமில்லை.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

அவர் தங்கை நவமணி வீட்டுக்கு, கடலுக்கு அக்கரையிலிருக்கும் பாகான் டாலாமுக்குப் போய்வந்தோம். விபத்துக்குப் பிறகு அவர் அங்கே போனதே இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது.

நான் ஓட்டினேன். அவர் பின்னால். கிளம்பும்போது, "ஹைவே வேணாம், உள்ரோட்லயே போ" என்றார். சரி என்றேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பெர்ரிக் கப்பலில் ஏறும்போது சரிவிலேயே இஞ்சின் அணைந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரே கட்டளை.

"வாய மூடிக்கிட்டு உக்காருங்க!" என்று கத்தினேன்.

பக்கத்து மோட்டார்க்காரர் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் முதுகில் அதிர்ந்தது.

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த நவமணி அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணே… நீ பின்னாலயா?"

அவர் காலை மெல்ல இறக்கி, என் தோளைப் பிடித்து எழுந்தார். "டிரைவர் வெச்சிருக்கேன் லா" என்றார்.

பொழுது சாய்ந்ததும், இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லி நவமணி கெஞ்சினாள். நான் பாத்திரம் கழுவிவிட்டு வெளியே வருவதற்குள் அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சாவியை என் பக்கம் நீட்டியபடி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.