கேட்காமல் கொடுத்த மருந்து

செமேய், பிப்ரவரிக் கடைசி

ரௌஷானுக்கு,

அல்மாத்தியில் பனி உருகத் தொடங்கியிருக்கும். இங்கே இர்திஷ் ஆறு இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது. பிள்ளைகள் நலம். 'அன்புள்ள' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

அஸ்கத்தின் தொண்டைக் கட்டி அநேகமாகக் கரைந்துவிட்டது. கஞ்சி மட்டும் குடித்தவர் இப்போது கறியை மென்று விழுங்குகிறார். உன் மருந்துதான் காரணம். அதை மறைக்க மாட்டேன். ஆக்சிஜன் எட்டாத புற்றுச் செல்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் சாவதில்லை, இந்த மருந்து ஆக்சிஜனின் இடத்தில் நின்று அவற்றைச் சாகடிக்கும் என்று நீ எலிச் செல்களில் செய்து காட்டியபோது, கதிர்வீச்சு மருத்துவரான நானே கைதட்டினேன். "நல்ல செல்லைச் சீண்டாதுடி பகிலா, என்னை நம்பு" என்றாய். படிக்கிற காலத்தில் விடுதியில் என்னோடு ஒரே போர்வைக்குள் குளிர்காய்ந்தவள் நீ. நம்பினேன். என் கணவருக்கே கொடுத்தேன்.

போன மாதம் அவர் அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தீய்ந்த வாடை வந்தது. "என்னத்தைக் கருக்குறே?" என்று என்னைக் கேட்டார். கருகியது அவருடைய குதிகால்.

அதன் பிறகுதான் உன் கருத்தரங்குக்கு வந்தேன். கரகந்தி நகர மருத்துவமனையில் இந்த மருந்தை எடுத்துக்கொண்ட முதல் நோயாளிகளுக்கே கால் மரத்துப்போனதாக மேடையில் சாதாரணமாகச் சொன்னாய். அஸ்கத்துக்குக் கொடுக்கும் முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது! வெளியே மறித்துக் கேட்டேன். "சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா? ஆள் உயிரோட இருக்காருல்ல?" என்றாய்.

இந்த வாரம் உன் மருந்தைக் கொடுக்கும் முன் இரண்டு நோயாளிகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் ஓட்டுநர் ஒருவர், "காலு மரத்தா மரத்துட்டுப் போகட்டும் டாக்டரம்மா, பேத்தி கல்யாணத்துக்கு இருப்பேன்ல" என்று சம்மதித்தார். தையற்காரி ஒருத்தி, "கை மரத்துட்டா ஊசியை எப்படிப் பிடிப்பேன்?" என்று மறுத்துவிட்டாள். அஸ்கத் சரி என்றுதான் சொல்லியிருப்பார். அவரைக் கேட்டிருக்கலாம், ரௌஷான்.

நோயின் மிச்சம்தான் இந்த மரப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "உயிர் கொடுத்தவ அவ. நவ்ரீஸ் பண்டிகைக்கு வரச்சொல்லு, பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையை அவ முன்னாடிதான் வைப்பேன், அவதான் அறுத்துப் பங்கு போடணும்" என்கிறார். என் வாயால் அவரிடம் சொல்ல முடியவில்லை.

வா. அந்தத் தலையை அறுக்கக் கத்தியைக் கையில் எடுக்கும் முன் நீயே அவரிடம் சொல்லிவிடு. உன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

பகிலா