அந்தோணியாருக்கு நேர்ந்த சேவல்

நவம்பர் 2, ஞாயிறு

விடியும்போதே தூறல். கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு நேற்றுதான் சுண்ணாம்பு அடித்தேன், பாதி ஒழுகிவிட்டது. மெழுகுவர்த்தி நான்கு. ஒன்றுகூட நிற்கவில்லை.

திரும்பி வந்தால் சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு நிற்கிறது. போன வாரமே தீனி எடுக்கவில்லை, வெள்ளையாகக் கழிந்தது. மழைக் குளிர் என்று விட்டுவிட்டேன். இப்போது தலை முதுகுப் பக்கம் போய், அலகு வானத்தைப் பார்க்கிறது. நெல்லைக் கொத்தினால் ஒரு விரல் தள்ளித் தரையில் படுகிறது. நடக்கச் சொன்னால் அதே இடத்தில் வட்டம் போடுகிறது. கூவவும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சம்மனசு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாது தம்பி. இன்னைக்கே கொழம்பு வச்சிரு" என்றது. எனக்கு வந்த கோபத்தில் விருட்டென்று உள்ளே வந்தேன்.

குழம்பு வைக்க இது என்ன சந்தைக் கோழியா? என் மனைவி மேரி குவைத்துக்கு வேலைக்குக் கிளம்பும்போது இது குஞ்சு. காலில் பச்சை ரிப்பன் கட்டி, "நான் நல்லபடியா வந்து எறங்குன மொத செவ்வா, அந்தோணியாருக்கு" என்று நேர்ந்துவிட்டுப் போனாள். கால் பெருக்கப் பெருக்க ரிப்பனை நான் மூன்று தடவை தளர்த்திக் கட்டியிருக்கிறேன். இரண்டு வருடம் முடிய இன்னும் ஐம்பத்தாறு நாள்.

நவம்பர் 3, திங்கள்

அரை நாள் லீவு. சிமெண்ட் ஆலை எடைமேடையில் என் இடத்துக்கு வேறு ஆள். சேவலைக் கட்டைப்பையில் வைத்து, தலை மட்டும் வெளியே, பைக்கில் மாட்டாஸ்பத்திரி. வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா சின்ன வயசு. "ராணிக்கெட்டுங்க, வெள்ளைக் கழிச்சல் நோவு. கழிச்சல் நின்னுருச்சு, ஆனா நரம்புல ஏறிருச்சு. மத்த கோழிங்க?"

"நல்லாருக்குங்க. முகாம்ல ஊசி போட்டதுங்க."

"இதுக்கு?"

"போடலைங்க" என்றேன். முகாம் அன்று சேவலை மட்டும் குளியலறையில் பூட்டிவைத்தேன். நேர்ந்துவிட்டதன் உடம்பில் ஊசி ஏறக் கூடாது, குறை வந்துவிடும் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகப் போட்ட சட்டம். குறை வரக் கூடாதென்றுதான் பூட்டினேன், கழுத்தே போய்விட்டது. இதைவிடப் பெரிய மடையன் ஜில்லாவில் இருக்க மாட்டான்.

அந்தம்மா திட்டவில்லை. "சாவலைன்னா பாதி ஜெயிச்ச மாதிரி. கழுத்து திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்."

செய்ய வேண்டியவை:
– வைட்டமின் சொட்டு, காலை, மாலை
– தனிக் கூண்டு, கீழே சாக்கு
– கையால் ஊட்டணும். தண்ணி மூக்கில் ஏறாமல்
– மற்றக் கோழிகளைத் தொடுமுன் கை கழுவணும்

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. தெருமுனைக் கெபியில் நிற்கும் அந்தோணியார் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

ஏழரைக்கு மேரி போன். அங்கே மணி ஐந்து. அவள் பார்த்துக்கொள்ளும் படுத்த படுக்கையான பாட்டிக்கு டீ போடும் நேரம். தினமும் அதே கேள்வி: "ராசா கூவுனானா? போனை அவங்கிட்ட காட்டுங்க. அதக் கேட்டாத்தான் நம்ம வூட்டுல எந்திரிச்ச மாதிரி இருக்கு."

போன வருடம் பதிந்த கூவல் பழைய போனில் இருந்தது. பேசுகிற போன் பக்கத்தில் அதை வைத்து ஓட்டிவிட்டேன். மேரி முழுவதும் கேட்டாள். வைத்துவிட்டாள்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் சேவல் இப்படி என்று சொன்னால், வருவதற்கே ஏதோ தடங்கல் என்று மனசை விட்டுவிடுவாள். அவளுக்கா பயம்? எனக்கு. இந்தச் சேவல் போனால் அவள் வர மாட்டாள் என்று நெஞ்சில் எங்கேயோ உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நவம்பர் 6, வியாழன்

கம்பு மாவை உருண்டை பிடித்து ஊட்டுகிறேன். மடியில் துண்டு, இடது கையில் தலை. முதல் நாள் எட்டு உருண்டை, இன்று பதினாறு. என் கை என்றால் வாய் திறக்கிறது. அக்கா நீட்டினால் இல்லை. கர்வமாகத்தான் இருக்கிறது.

கூவல் இன்றும் பழைய போனில்.

ஆலையில் நினைப்பு எங்கேயோ போய், ஒரே லாரியை மூன்று தடவை எடை போட்டேன். டிரைவர் சிரித்தார்: "என்ன சார், வூட்டம்மா வர்ற நேரமா?"

ஆமாம். அலமாரியில் அவள் புடவைகளை வெயிலில் போட எடுத்தேன். வெயில் இல்லை. திரும்ப வைக்க மனசு வராமல் கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்திலேயே கிடக்கின்றன.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாம் பூசை போகவில்லை.

காலையில் மேரி. கூவலை ஓட்டினேன். கேட்டு முடித்து, "ஏங்க, சளி இன்னும் விடலயா?" என்றாள்.

"எனக்கு என்ன சளி?"

"நாலஞ்சு நாளா பாக்குறேன். அவன் கூவி முடிச்சதும் அதே எடத்துல ஒரு தும்மல் தும்முறீங்க."

பிடிபட்டேன். பழைய பதிவின் கடைசியில் என் தும்மல் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் கொட்டினேன்: ஊசி, குளியலறை, கழுத்து. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அந்தப் பக்கம் அழுகை.

"நானும் ஒண்ணு மறைச்சுட்டேங்க. இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன். போன மாசமே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அந்தப் பாட்டி என் கையில மட்டுந்தாங்க திங்குது. வேற யாரு குடுத்தாலும் வாயத் தொறக்க மாட்டேங்குது. எப்புடி விட்டுட்டு வர்றது?"

மடியில் சேவல். என் விரலில் கம்பு மாவு. சரி என்றேன். சரி இல்லை. ஒரு வருடம். எனக்கு மேரி வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம்.

வைக்கும் முன் அவள் சொன்னது: "குறை உள்ளத அந்தோணியாருக்குக் குடுக்கக் கூடாது. அவன் இருக்கட்டும். அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

மத்தியானம் ரிப்பனை அவிழ்த்தேன். காலில் வெள்ளையாகத் தடம். புடவைகளை மடித்து உள்ளே வைத்தேன், ஒன்று தவிர.

நவம்பர் 18, செவ்வாய்

பனி. கூண்டுச் சாக்கு மாற்றம். சொட்டு தீர்ந்தது, வாங்கணும்.

கழுத்து முழுதும் திரும்பவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, யாரையோ சந்தேகமாகப் பார்ப்பதுபோல் நிற்கும். வட்டம் குறைந்திருக்கிறது. பத்துக்கு ஆறு கொத்து குறி தப்பவில்லை.

ஆறே முக்காலுக்கு மூச்சை இழுத்து, தலையை ஆட்டி, கூவினான். பாதிதான். நடுவில் உடைந்து, கரகரவென்று. போனை எடுக்க ஓடினேன். இரண்டாவதைப் பதிந்துவிட்டேன்.

முடிந்ததும் தும்மல் வரவில்லை. வேண்டுமென்றே ஒன்று தும்மி, அதையும் சேர்த்து மேரிக்கு அனுப்பினேன்.