சோடியம் விளக்கில் சிவப்புச் சேலை

02.09.2009, புதன்
கச்சான் காற்று. வீடெல்லாம் புழுதி, இருமுறை கூட்டினேன். என் கணவரின் தங்கை பூமணி வந்தாள். ஞாயிறு மாலை மகளின் கலியாண விருந்து, வீட்டு முற்றத்தில். சண்டை முடிந்தபின், இருட்டிய பிறகு எங்கள் தெருவில் நடக்கும் முதல் விருந்து.

“மச்சாள், வெள்ளைய உடுத்துப்போட்டுப் பின்னால இருங்ககா. மறுகா ஆக்கள் கதைப்பாங்க.”

தேநீர் கொடுத்தேன். சீனி காணாதாம்.

03.09, வியாழன்
பெட்டியைத் திறந்தேன். சிவப்புச் சேலை. சுனாமியில் கடல் வந்த அன்று தையற்காரியிடம் கிடந்ததால் தப்பியது. அவர் தப்பவில்லை. அன்றிலிருந்து வெள்ளை.
எனக்குச் சிவப்பு பிடிக்கும். அவர் வாங்கித் தந்ததல்ல, நானே தெரிந்தெடுத்தது.

04.09, வெள்ளி
ஒரு யோசனை. பூமணி வாசலில் புதுத் தெருவிளக்கு, தாழமுக்கச் சோடியம். நான் படிப்பித்த பாடம்தான். ஆவியில் மின்சாரம் பாய, அணுவின் வெளி இலத்திரன் ஒரு படி ஏறும். அங்கே நிற்காது, இறங்கும். இறங்கும்போது விடும் சக்தி எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே ஒரே மஞ்சள். நிறமாலையில் நெருங்கிய இரண்டு மஞ்சள் கோடுகள், மற்ற இடம் இருட்டு. சிவப்புத் துணி சிவப்பு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும். விளக்கில் அது இல்லாவிட்டால் எதை அனுப்பும்?

பொழுதுபட, சேலையைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய் விளக்கடியில் தலைப்பை விரித்தேன். கறுத்த மண்ணிறம். ஒருவரும் கதைக்க முடியாது.
வாங்க: நூல், கற்பூரம், பால்மா.

07.09, திங்கள்
நேற்று எழுதவில்லை. இருட்டிய பிறகே போனேன். முற்றத்தின் முன்பக்கம், மணமகள் இருந்த இடத்தில், மின்குமிழ்கள்; பின்பக்கம், வாசலோரம், தெருவிளக்கு மட்டும். பின்னால் இருந்தேன்.

“மண்ணிறமா மச்சாள்? சரி, பரவாயில்ல,” என்றாள் பூமணி.

சோறு பரிமாறும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் என் தலைக்கு மேலும் ஒரு குமிழ் மாட்டினார். இழைக் குமிழ்: எல்லா நிறமும் வரும். இதை யோசிக்காதது என் பிழை. மடியெல்லாம் சிவப்பு.

“ஐயோ, இது சிவப்பெல்லுவா!” என்றாள் பூமணி.

“ஓம். சிவப்பு.”

“கிழவிக்கு வந்த ஆசையப் பாருங்கடி,” யாரோ, சோற்றை மென்றபடி.

கரண்ட் வந்தது. குமிழைக் கழற்றிவிட்டார்கள். தெருவிளக்கு மெல்ல மஞ்சளாக, சேலை மறுபடி கறுத்தது.

“இப்ப ஒண்டும் தெரியல்ல. இப்பிடியே இருங்ககா, மச்சாள்.” பூமணி கெஞ்சினாள்.

கதிரையைத் தூக்கினேன். முன்வரிசையில், குமிழ்களுக்கு நேர் கீழே, மணமகளின் பக்கத்தில் போட்டு இருந்தேன்.