எட்டாவது அத்தியாயம்: ஓய்வூதியம்

பிப்ரவரி 6
தேர்தல் அறிக்கையின் எட்டாவது அத்தியாயம் மறுபடியும் என் தலையில் விழுந்தது. ஓய்வூதியம். கட்சி அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகள். இது ஐந்தாவது முறை. எதிர்க்கட்சியாக இருந்தபோது இரண்டு முறை “கொடுத்தே தீருவோம்” என்று முடித்தேன். ஆளுங்கட்சியாக இருந்தபோது இரண்டு முறை “நாட்டின் நிதிநிலை” என்று தொடங்கினேன். இப்போது எதிர்க்கட்சி. எனவே கொடுத்தே தீர வேண்டும்.

பிப்ரவரி 10
அறிக்கைக் குழு கூடியது. ஐந்து உறுப்பினர்கள், இளையவருக்கு எழுபத்து மூன்று. ஓய்வைப் பற்றிப் பேச வந்தவர்களில் ஓய்வு பெற்றவர் ஒருவரும் இல்லை. குழுத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். அவர் சொன்னார்: “வயசானவங்க கண்ணீரைத் துடைக்கணும்யா. ஆனா கொஞ்சம் ஈரம் இருக்கட்டும். அடுத்த தேர்தலும் வருதில்ல?” எல்லோரும் சிரித்தார்கள். நானும். குறிப்பேட்டில் “விரிவாக விவாதிக்கப்பட்டது” என்று எழுதினேன்.

பிப்ரவரி 11
முதுகு வலி.

பிப்ரவரி 17
நீர் வாரியத்தில் மனைவிக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறாள். பழைய ஓய்வூதியத்தை நிறுத்திய தேதிக்குப் பத்தொன்பது நாள் கழித்து வேலையில் சேர்ந்தவள். மார்ச் 31-க்குள் கையெழுத்துப் போட்டால் மாதம் ஒரு சிறு தொகை உறுதி. பிறகு பழையது திரும்பி வந்தாலும் அவளுக்கு இல்லை. போடாமல் காத்திருந்தால், பழையது வந்தால் முழுசாகக் கிடைக்கும். வராவிட்டால் மாதாமாதம் எதுவும் கிடையாது.

“ஏங்க, உங்க கட்சி வந்தா பழசு வருமா?”

“இன்னும் எழுதவே இல்லையே.”

“எழுதினா வருமா?”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 25
எழுதிவிட்டேன். ஆவன செய்வது, பரிசீலிப்பது எதுவும் இல்லை. பதவியேற்ற நூறு நாளில் எல்லோருக்கும் பழைய ஓய்வூதியம். அவளை எதிரே உட்கார வைத்துச் சொல்வதுபோல எழுதினேன். என் பிழைப்பில் இது கெட்ட பழக்கம்.

மார்ச் 3
ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. உண்மையாகவே செய்ய நினைக்கும் வாக்குறுதி மாடிக்குப் போகும். அங்கே கணக்கர் இருக்கிறார். பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு வாரம் குடைவார். சிவப்பு மையால் பாதியை வெட்டுவார். சாலை அத்தியாயம் போனது, குற்றுயிராகத் திரும்பி வந்தது. என்னுடையது நேரே அச்சுக்குப் போகிறது.

“ஐயா, இது மாடிக்குப் போகலையா?”

“எதுக்குய்யா? அதான் நல்லா இருக்கே!”

கட்சியின் ஓய்வூதியக் கொள்கையை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மார்ச் 4
வெளியே பேசக் கூடாது என்று உறுதிமொழி கொடுத்திருக்கிறேன். மனைவி வெளியா, உள்ளா?

மார்ச் 19
நேற்று அறிக்கை வெளியானது. இன்று எட்டாவது அத்தியாயம் எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கம். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். “கையெழுத்துப் போட்டுடு.”

“நீங்கதானே எழுதினீங்க?”

“அதனாலதான் சொல்றேன்.”

மாடி விவரத்தையும் சொன்னேன். முழுதும் கேட்டாள். பிறகு சொன்னாள்: “எங்க பிரிவுல என்னை மாதிரி பதினோரு பேரு. இன்னிக்குக் காலையில எல்லாரும் படிவத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. என் வீட்டுக்காரர் எழுதினதுன்னு நாந்தான் பெருமையா சொல்லிக்கிட்டேன்.”

“அவங்ககிட்டயும் சொல்லிடு. வேற படிவம் வாங்கிக்கலாம்.”

“என்னன்னு சொல்ல? என் வீட்டுக்காரர் பொய் எழுதுவாருன்னா?”

பொய் இல்லை, வாக்குறுதி என்று திருத்த வாயெடுத்தேன். சீ! என்ன மனுஷன் நான்?

மார்ச் 23
சொல்லிப் பார்த்திருக்கிறாள். நம்பவில்லை. “அக்கா, பேப்பர்லயே போட்டுட்டாங்க. அண்ணனுக்குக் கட்சியில ஏதோ மனஸ்தாபம் போல” என்று அவளுக்கே ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருபத்தாறு ஆண்டுகளில் என் எழுத்தை இவ்வளவு பேர் நம்பியதில்லை.

மார்ச் 30
“நீ மட்டுமாவது போடேன்” என்று கெஞ்சினேன்.

“பதினோரு பேரை ஏத்திவிட்டுட்டு நான் மட்டும் இறங்கிக்கிறதா?”

மார்ச் 31
படிவம் நாள் முழுக்க மேசைமேல் கிடந்தது. மாலை ஐந்து மணி ஆனது. அதன் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் பட்டியல் எழுதினாள்.

மே 12
ஜெயித்துவிட்டோம். எட்டாவது அத்தியாயம்தான் காரணமாம். பெரியவர் கட்டிப்பிடித்தார். வலது தோள் இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 26
பதவியேற்று நூறாவது நாள். ஓய்வூதிய ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. அவகாசம் இரண்டு ஆண்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். தலைவர், பெரியவர். செயலாளர், நான்.

ஆகஸ்ட் 31
பிரிவு உபசாரத்தில் கொடுத்த ஒரு சுவர்க் கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்தாள். எங்கே மாட்டுவது என்று கேட்டேன். “எதுக்கு மாட்டணும்?” என்றாள்.

செப்டம்பர் 9
குழுவுக்கு முதல் மனு வந்தது. பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்தை எனக்குத் தெரியும். “மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு” என்று தொடங்கியிருந்தாள். பதில் அனுப்ப வேண்டிய முகவரி எங்கள் வீடு. காலையில் எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தங்கள் மனு குழுவின் கவனத்தில் உள்ளது” என்று எழுதினேன். கிழித்தேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் சொன்னது.

மாலையில் கதவைத் திறந்தவள் கேட்டாள்: “மனு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“பதிலைத் தபால்லயே அனுப்புங்க. கையில கொடுத்துடாதீங்க. தபால் முத்திரையோட, கவரைப் பிரிக்காம கொண்டாரணும்னு பதினோரு பேரும் சொல்லியிருக்காங்க.”

சரி என்றேன்.