வெள்ளைப் பூ வந்த மறுநாள்

அப்பா,

சேலம் புறவழிச்சாலையில் நேற்று என் பேருந்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. சன்னல் வழியே நனைந்த தார்ப்பாயின் வாசனை உள்ளே வந்தது. ரப்பரும் மண்ணும் எப்போதோ ஏற்றிய வெங்காயமும் கலந்த வாசனை. சின்ன வயதில் அது வீட்டுக்குள் வந்தால் நீங்கள் வடக்கிலிருந்து வந்துவிட்டீர்கள் என்று பொருள். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "எறங்கறியா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். லாரி போய்விட்டது. நீங்கள் போனபின் வரும் இரண்டாவது மழைக்காலம் இது.

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நீங்கள் வண்டியில் இருந்தால் போன், வீட்டில் இருந்தால் பேச்சு. அதுவும் அதிகம் இல்லை. நம் இருவருக்குமே பேச்சு வராது என்று அம்மா சொல்வார். எழுதுவது எனக்குக் கொஞ்சம் வரும். அதனால் எழுதுகிறேன்.

பிளஸ் டூ முடித்து நான் கல்லூரி தேடிய வாரம் நினைவிருக்கிறதா? அசாமுக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்த நீங்கள், திரும்பும் வழியில் வேறு சரக்குக்குக் காத்திருக்காமல் வந்துவிட்டீர்கள். குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "செரி, எங்க போடலாம்?" என்றீர்கள். பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போட வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று நமக்குப் பிடித்த வரிசையில் எழுத வேண்டும். மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்தது, அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது.

நான் அதற்குள் என் பட்டியலைத் தயார் செய்திருந்தேன். நிலத்தை அளந்து வரைபடமாக்கும் படிப்பு ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் எடுக்கும் படங்களிலிருந்து ஆற்றையும் ஊரையும் பிரித்துப் படிப்பது. அதுதான் எனக்கு வேண்டும். போன வருடங்களில் எந்த மதிப்பெண் வரைக்கும் எங்கே இடம் கிடைத்தது என்று பார்த்துப் பார்த்து எழுதியிருந்தேன். மேலே சென்னையில் ஒன்று. என் மதிப்பெண்ணுக்கு அது கொஞ்சம் எட்டாத உயரம்தான், அது எனக்கே தெரியும். அதற்குக் கீழே அதே படிப்பு தெற்கே தூரத்து ஊர் ஒன்றில். அப்புறம் கோயம்புத்தூர்ப் பக்கம் சிவில். கட்டாயம் கிடைக்கும் என்று அடியில் போட்டிருந்தது நாமகிரிப்பேட்டை வழியாக நம் வீட்டு வாசலுக்கே பஸ் விடும் கல்லூரி.

நீங்கள் போட்ட வரிசையோ பஸ் நிற்கும் இடத்தின் வரிசை. வாசலில் நிற்பது முதலில், முக்கில் நிற்பது அடுத்து, மெயின் ரோட்டுக்கு நடக்க வேண்டியது கடைசி. நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. "பச்சக் கோட்டு பஸ்ஸா, ஊதாக் கோட்டு பஸ்ஸா?" என்றுதான் கேட்பார்கள்.

"காலைல ஏறுனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்தரலாம். அத மேல போடு சாமி. மத்ததக் கீழ எத்தன வேணும்னாலும் எழுதிக்கோ" என்றீர்கள்.

அங்கேதான் எல்லாம் இருந்தது. அந்த ஒன்று மேலே ஏறினால் என் மதிப்பெண்ணுக்கு உடனே கிடைத்துவிடும். அதற்குக் கீழே எத்தனை எழுதினாலும் அத்தனையும் வெறும் எழுத்து. இதைச் சொன்னேன். கோழித் தீவனக் கடை மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் தம்பி எதைத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார்?

"கெடைக்கறத மேல போடோணும் அம்மிணி. கெடைக்காதத மேல போட்டு, அது இல்லீன்னு ஆச்சுன்னா கெடைக்கறதும் போயிரும்."

"அப்படிப் போகாதுங்க மாமா. மேல இருக்கறது இல்லீன்னா தானா கீழ வரும்."

"சரி, அதென்ன மேப்புப் படிப்பு? மேப்புத்தான் போன்லயே இருக்குதே. இனி நீ போயி என்னத்தப் போடப் போற?"

"போன்ல இருக்கறதும் யாரோ ஒருத்தர் போட்டதுதானுங்க."

மாமா சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. நீங்கள் கோபக்காரர் இல்லை. ஒன்றை வேண்டாம் என்று நினைத்தால் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பீர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கும். கவுகாத்தி வரை ஓட்டிப் போகிறவர், மகளை ஆத்தூர் தாண்டி அனுப்ப மாட்டேன் என்கிறாரே என்று உள்ளுக்குள் குமைந்தேன். பட்டியல் போட இன்னும் இரண்டு மூன்று நாள் இருந்தது.

"அம்மங்கிட்டப் பூக் கேட்டர்லாம்" என்றீர்கள் கடைசியில்.

அதோடு என் பட்டியல் முடிந்தது என்று நினைத்தேன். ஏனென்றால் பூ சொன்னதை நீங்கள் மாற்றியதே இல்லை. வெள்ளரளியை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு, மனதில் நினைத்துக்கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. நம் கோயிலில் வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. சிவப்பு வந்ததால் பேசி முடித்திருந்த இரண்டாவது லாரியை வேண்டாம் என்று விட்டவர் நீங்கள். சிவப்பு வந்ததால் தண்ணீருக்குப் போர் போடும் இடத்தைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றியவர். பெரியப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் போனோம். பூசாரி, "என்ன கேக்கறீங்களோ மனசுல நல்லா நெனச்சுக்குங்க" என்றார். நீங்கள் கையைக் கூப்பிக் கண்ணை மூடினீர்கள். ரொம்ப நேரம் திறக்கவில்லை. அம்மாகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தலையசைத்தீர்கள். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"அப்பறமென்ன? அம்மனே ஓட்டுப் போட்டாச்சு!" என்றார் மாமா.

நான் திருநீறு வாங்கிக்கொண்டேன். அழவில்லை. வீட்டுக்கு வந்து என் பட்டியலில் அடியில் இருந்த வரியை வெட்டி மேலே எழுதினேன். கீழே மற்றதை எல்லாம் அப்படியே வைத்தேன். செத்த வரிகள்தான். ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை. நீங்கள் கதவருகில் நின்று பார்த்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் ராசிபுரம் போனோம். கணினி மையத்தின் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குப் பால் வாங்கிக் கொடுத்தீர்கள். உங்கள் டீ ஆறிக்கொண்டே இருந்தது.

"அம்மங்கிட்ட நான் என்ன கேட்டேன்னு நீ கேக்கவே இல்லியே?"

"மனசுல நெனச்சத வெளிய சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்கப்பா சொல்லுவீங்க."

"சொல்லக் கூடாதுதான்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள். "உன்ற படிப்பப் பத்திக் கேக்கலாம்னுதான் போனேன். கண்ண மூடுனதும் வேற வந்துருச்சு. இவ பக்கத்துலயே இருந்தா எனக்கு நிம்மதியா இருக்குமான்னு கேட்டுப்போட்டேன். வெள்ள குடுத்துருச்சு. பின்ன குடுக்காமயா? அதுக்கு எதுக்குப் பூவு? உங்கம்மாளக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

"நான் பாத்த ஊரெல்லாம் ராத்திரி ஊரு சாமி. பகல்ல அங்க எப்படி இருப்பாங்கன்னே எனக்குத் தெரியாது. அதத்தான் நெனச்சு நெனச்சுப் பயந்துட்டு இருந்திருக்கறேன்."

"அப்ப இன்னொருக்கா போயிக் கேக்கலாங்களாப்பா?"

"எதுக்கு? எனக்குன்னு கேட்டேன், எனக்குக் குடுத்துருச்சு. உனக்கு நான் ஒண்ணுமே கேக்கல." டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தீர்கள். "உன்றத நீ எழுதுனபடியே போடு. மொதல்ல எழுதியிருந்தியே, அதும்படி."

அப்பா, நான் நிறையப் படிப்பவள் என்று உங்களுக்குத் தெரியும். ஊர் நூலகத்தில் நான் எடுக்காத புத்தகம் குறைவு. தெய்வத்தோடு சண்டை போட்டவர்களைப் படித்திருக்கிறேன். தெய்வமே இல்லை என்றவர்களைப் படித்திருக்கிறேன். பதில் தன் பக்கம் வந்த பிறகு, தான் கேட்டது சரியான கேள்விதானா என்று ராத்திரி முழுக்க யோசித்த ஒருவரை நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை. அந்த டீக்கடைப் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, மலை ஒன்றை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பது போல உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சட்டையில் சிந்திய டீயைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

மையத்துக்காரர் நான் சொல்லச் சொல்லக் கணினியில் ஏற்றினார். முடிந்ததும் உங்களைப் பார்த்தார்.

"ஏனுங்க, பக்கத்துக் காலேஜக் கடசீல போட்டிருக்கீங்க. எல்லாரும் அத மொதல்ல போடுவாங்க. மாத்தறதுன்னா இப்பவே மாத்திக்குங்க. பூட்டிட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது."

"இருக்கட்டுங்க."

"பொண்ணு சென்னைக்கெல்லாம் போகுமுங்களா?"

"போகுமுங்க."

பட்டியலைப் பூட்டுவதற்கான ரகசிய எண் உங்கள் போனுக்கு வந்தது. சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைச் சொல்வது போல ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, சத்தமாகச் சொன்னீர்கள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. சொல்லி முடித்த பிறகும் போனைப் பைக்குள் வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். பார்த்ததை நீங்கள் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

மாமா சாயங்காலமே வந்துவிட்டார். "என்னங்க மச்சான், அம்மன் உத்தரவையே மீறிட்டீங்க?"

"மீறல மாப்ள. அது எனக்குக் குடுத்த உத்தரவு. நான் வாங்கிக்கல, அவ்வளவுதான்."

மாமாவுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். அடுப்படியிலிருந்து வந்து உங்களுக்கு இன்னொரு தோசை வைத்துவிட்டுப் போனார்.

சென்னை கிடைக்கவில்லை. இரண்டாவது வரி கிடைத்தது. அதே படிப்பு, தெற்கே, சென்னையைவிடத் தூரம். ஆயுசு முழுக்க வடக்கே ஓட்டிய உங்களுக்கு அந்த ஊர் தெரியவே தெரியாது. முடிவைச் சொன்னபோது, "அங்க தண்ணி நல்லா இருக்குமா?" என்று மட்டும் கேட்டீர்கள். சேலம் சூரமங்கலம் நிலையத்தில் என்னை ரயில் ஏற்றும்போது, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, எதிரில் இருந்த முன்பின் தெரியாத குடும்பத்திடம், "பாப்பா மொதத் தடவ போகுதுங்க" என்றீர்கள். அவர்கள் எனக்கு வழியெல்லாம் முறுக்குக் கொடுத்தார்கள்.

நான்கு வருடம் போகவும் வரவும் இருந்தேன். ஒவ்வொரு முறையும் அறைக்குப் போனதும் "வந்துட்டேன்ப்பா" என்று செய்தி அனுப்புவேன். உங்களிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வரும். வேறு எதுவும் வராது. என்ன அவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்குப் பேசிய பேச்சோடு உங்கள் பயம் தீர்ந்துவிட்டது என்றே நம்பினேன்.

உங்கள் காரியம் முடிந்து உறவினர் எல்லாம் போன பிறகு அம்மா சொன்னார். "நீ ரயில் ஏறுன நாள்ல அவரு தூங்கவே மாட்டாரு. ஊட்டுல இருந்தா போனக் கையில வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. வண்டியில இருந்தா ஓரங்கட்டிருவாராம். உன்ற மெசேஜு வந்தாத்தான் வண்டியெடுப்பாருன்னு கிளீனரு சொன்னாரு. கடசி வரைக்கும் அப்படித்தான்."

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

"சொன்னா நீ போவியா?"

பெஞ்சில் உட்கார்ந்து பேசிய அந்தக் காலைதான் பெரியது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது வெறும் தொடக்கம். பக்கத்தில் வைத்துக்கொண்டால் நிம்மதி என்று அம்மன் வாக்குக் கொடுத்தாள். அந்த நிம்மதி கையெட்டும் தூரத்தில், வாசலில் வந்து நிற்கும் பஸ்ஸாக, நீங்கள் வீட்டில் இருந்த நாளெல்லாம் உங்கள் கண்ணெதிரே வந்து போய்க்கொண்டிருந்தது. நான்கு வருடமும் அதைப் பார்த்துக்கொண்டே, வேண்டாம் என்று இருந்திருக்கிறீர்கள்.

இப்போது நான் வெள்ளம் வரும் இடங்களை வரைபடத்தில் குறிக்கும் வேலை செய்கிறேன். எங்கெங்கோ போக வேண்டியிருக்கிறது. பேர் தெரியாத நிலையத்தில், பாஷை தெரியாத ஊரில், தனியாக இறங்குகிறேன். கூட வேலை செய்யும் பெண்கள், "உனக்குப் பயமே இல்லையா?" என்று கேட்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் இல்லைதான். தைரியசாலி என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை, விளக்குவதும் இல்லை. எனக்கு வரவேண்டிய பயத்தையெல்லாம் யாரோ ஒருவர் எனக்கு முன்னால், சாலையோரம் வண்டியை நிறுத்திவைத்து, தனியாகப் பட்டு முடித்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன், அப்பா. ஊர் பகலாக இருக்கிறது.